வழக்கம்போல் வெளிவந்தது

மேஜர் சுதாகரன் மேடையேறி ஒலிபெருக்கியை விரலால் தட்டிப் பார்த்தார். அந்த டொக் டொக் ஞானையாவின் இடது தோளுக்குள் போய் விழுந்தது. அங்கே ஓர் ஈய அச்சு எழுத்து இருக்கிறது. ஐம்பது வருஷமாக இருக்கிறது. டாக்டர் கூடாரத்தில் கத்தியை விட்டுத் துழாவி மற்றதையெல்லாம் எடுத்துத் தட்டில் போட்டார்கள். இது ஒன்று மட்டும் எலும்புக்கடியில் போய் ஒதுங்கிக்கொண்டது, தோண்டினால் கை விளங்காமல் போகும் என்று விட்டுவிட்டார்கள். என்ன எழுத்து என்று தெரியாது. நாகர்கோவில் வெயிலில் அது கிடக்கிற இடம் தெரியாது. இந்த மலைக்குளிரில், பட்டாளத்து மைதானத்தில் ஷாமியானாவுக்குக் கீழே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து பல்வலிபோலக் குத்திக்கொண்டே இருந்தது. எதிரே மேடையில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். 'கூடாரம் – தமிழ்ப் படைவீரர் வார இதழ் – பொன்விழா'. பட்டாளத்தில் இருக்கும் தமிழ்ப் பையன்களுக்காக ஜப்பான் சண்டை நடுவில் தொடங்கிய பத்திரிகை. அதை முதன்முதலில் அச்சடித்த லாரியில் இருந்தவர்களில் இன்றைக்கு மூச்சு விட்டுக்கொண்டிருப்பது ஞானையா ஒருவர்தான். அதனால்தான் கார் அனுப்பி அழைத்து வந்திருக்கிறார்கள். கடைசியில் நீங்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும் ஐயா என்று மேஜர் காலையில் சொன்னதிலிருந்து அந்த இரண்டு வார்த்தை எது என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மறந்துபோய்விடுமோ என்ற பயம் இல்லை. வாயைத் திறந்தால் எது வரும் என்ற பயம். பக்கத்து நாற்காலியில் கன்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அதே லாரியில் இருந்த முனிரத்தினத்தின் மனைவி. முனிரத்தினம் செத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவன் பெயரில் பொன்னாடை வாங்கிக்கொள்ளக் குடியாத்தத்திலிருந்து வந்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில்தான் அவளை முதல்முறையாகப் பார்த்தார். வணக்கம் சொன்னதோடு சரி. அவளிடமும் வாயைத் திறக்கப் பயம். அணிவகுத்து உட்கார்ந்திருந்த பையன்களின் பூட்ஸ் ஒரே சமயத்தில் தரையில் உரசியது. எல்லாக் கழுத்தும் ஒரே மாதிரி மழித்த கழுத்து. அத்தனையும் லாரியில் கூட வேலை செய்த தாசன் கழுத்துதான் என்று நினைத்த மாத்திரத்தில், நினைக்காதே, அதை நினைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குள் மேஜர் காகிதத்தைப் பிரித்துவிட்டார்.

கூடாரம் இதழின் வரலாறு வீர வரலாறு என்று தொடங்கினார். பர்மா எல்லையில் நம் தமிழ் வீரர்கள் தாய்மொழியில் செய்தி அறிய வழியின்றித் தவித்தபோது கேப்டன் பிரைஸ் என்ற பெருந்தகை. அவர் பெருந்தகையா? இருக்கட்டும். பூனைக்கண் மனுஷன், எப்போதும் இருமுவார், தமிழில் 'சீக்கிரம்' என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்திரிகை நடத்தினார். லாரியின் முதுகில் தகரக் கூரை, உள்ளே காலால் மிதிக்கும் டிரெடில் எந்திரம், சுவரோரம் எழுத்துப் பெட்டிகள். எழுதுவதற்குச் சுபேதார் அப்பாத்துரை. அச்சுக் கோப்பதற்கு ஞானையாவும் தாசனும். எந்திரம் மிதிப்பது முனிரத்தினம். அவனுக்குத் தொடை இரண்டும் உரல் மாதிரி. மிதிக்க ஆரம்பித்தால் லாரியே முன்னே போகிற மாதிரி இருக்கும், இப்படியே மிதித்து ஊர் போய்ச் சேரலாமாடா என்று தாசன் கேட்பான். எங்கே எத்தனை விமானம் விழுந்தது, யாருக்குப் பதக்கம், கொசுவலையை எப்படிக் கட்டுவது, டப்பாக் கறியில் புளி ஊற்றிக் குழம்பு வைப்பது எப்படி, கடைசிப் பக்கத்தில் நகைச்சுவை. பையன்கள் படிப்பார்கள், படித்துவிட்டு அதிலேயே பீடி சுற்றுவார்கள், பூட்ஸுக்குள் திணித்துக்கொள்வார்கள், காயத்தில் வைத்துக் கட்டினவனையும் பார்த்திருக்கிறார், ரத்தம் ஊறின தாளில் 'குழம்பு கொதித்ததும் இறக்கவும்' என்ற வரி தெளிவாகத் தெரிந்தது, தான் கோத்த வரி. மேஜரின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல குரல். இந்தக் குரலில் எதைப் படித்தாலும் நடந்ததுபோல இருக்கும். அந்த ஆண்டு மழைக்காலத்தில் எதிரியின் குண்டுவீச்சில் அச்சகத்துக்குச் சிறிது சேதம் ஏற்பட்டது. எனினும் அந்த வார இதழ் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வெளிவந்தது. பையன்கள் கைதட்டினார்கள். ஞானையாவின் கையும் தட்டியது. எனினும். எனினும் என்ற சொல்லில் மனசு மாட்டிக்கொண்டது. முள்ளில் வேட்டி மாட்டினதுபோல, இந்தப் பக்கம் இழுத்தாலும் வரவில்லை, அந்தப் பக்கம் இழுத்தாலும் வரவில்லை. சிறிது சேதம் என்பது தாசன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து இருவரும் பெட்டி முன்னால் நின்றிருந்தார்கள், தாசன் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தான், என்ன சொன்னான் என்பது எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை, சிரிப்பு மட்டும் வருகிறது. பிறகு லாரியின் ஒரு பக்கச் சுவர் இல்லை. சத்தம் கேட்டதாக ஞாபகமில்லை. எழுத்துப் பெட்டி இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. பெட்டியில் இருந்த ஈயம் அத்தனையும் கிளம்பி வந்தது. வீட்டில் அரிசியை முகத்தில் வீசி எறிந்தால் எப்படி இருக்கும், அப்படி. முன்னால் நின்றவன் தாசன், பின்னால் நின்றவர் ஞானையா, தாசனைத் தாண்டி வந்ததுதான் இவர் தோளில் ஏறியது. தாசனின் முகத்தில் எழுத்துகள் பதிந்திருந்தன. கன்னத்தில், நெற்றியில், கழுத்தில், ஒரு கண்ணில். அச்சுச் சட்டத்தில் கட்டிய பக்கம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. வாயைத் திறந்தான், ரத்தத்தோடு ஓர் எழுத்து நாக்கில் வந்தது. அதைத் துப்பப் பார்த்தான், முடியவில்லை. ஞானையா விரலை விட்டு எடுத்தார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் கேப்டன் பிரைஸ் வந்து பார்த்தார். இருமினார். 'சீக்கிரம்' என்றார். வெள்ளிக்கிழமை இதழ் நிற்கக் கூடாது, நின்றால் அச்சகம் போய்விட்டது என்று பையன்களுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் தைரியம் போய்விடும் என்று அப்பாத்துரை விளக்கிச் சொன்னார். எழுத்து போதவில்லை. சிதறினதைச் சேற்றில் பொறுக்கினார்கள், அப்படியும் போதவில்லை. முக்கியமாக 'ன்' போதவில்லை. அந்த எழுத்து இல்லாமல் தமிழில் ஒரு வரி ஓடாது, வந்தான் போனான் செத்தான் எதற்கும் அதுதான் வேண்டும். முனிரத்தினம்தான் கூடாரத்துக்குள் போனான். தாசனை அங்கே படுக்க வைத்திருந்தார்கள். வெகு நேரம் கழித்து ஒரு தகரக் குவளையோடு வெளியே வந்தான். தண்ணீர் ஊற்றி அலம்பினான், ஊற்ற ஊற்றச் சிவந்தே வந்தது. பிறகு மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் துடைத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டான். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும், ஆனாலும் ஒன்றைக்கூட மாற்றிப் போடவில்லை. வழக்கம்போல் வெளிவந்தது. வழக்கம்போல். மேஜர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார், அடுத்து என்ன வரப்போகிறது என்று ஞானையாவுக்குத் தெரியும், எல்லா ஆண்டு மலரிலும் அதைத்தான் மறுபடி போடுகிறார்கள். மைதானத்துக்கு அப்பால் துப்பாக்கிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. படபடவென்று சுட்டார்கள். ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் கன்னியம்மாள் தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவள் இடது கையால்தான் எல்லாம் செய்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தார். வலது கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒடிந்து, சரியாகக் கட்டாமல் கூடின கை.

மறுநாள் விடியற்காலை, கொட்டும் மழையில், என்று மேஜர் படித்தார். அச்சகத்தைக் கைப்பற்றும் நோக்கத்தோடு ஆயுதமேந்திய எதிரி ஒருவன் லாரிக்குள் பாய்ந்தான். எந்திரத்தின் அருகில் இருந்த வீரர் முனிரத்தினம் கணமும் தயங்காமல் வெறுங்கையோடு அவனை எதிர்கொண்டார். துப்பாக்கியைத் தட்டிவிட்டு, நீண்ட நேரம் கட்டிப் புரண்டு போரிட்டு, இறுதியில் எதிரியை வீழ்த்தினார். அன்று அவர் காத்தது ஓர் எந்திரத்தை அல்ல, தமிழை. கைதட்டல். இந்த வரிகளை ஞானையாவுக்கு நேராகத் தெரியாது. தலைகீழாக, வலது இடமாகத்தான் தெரியும். கோத்தவன் அப்படித்தான் பார்ப்பான். இடது கை தொங்கிக்கொண்டிருந்ததால் எழுத்துக் கோக்கும் கட்டையை மேஜையில் சாய்த்து வைத்து வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பா-ய்-ந்-தா-ன். அந்த 'ன்' எங்கிருந்து வந்தது என்று விரலுக்குத் தெரிந்தது. பாயவில்லை, அவன் பாயவில்லை. விடிந்தும் விடியாத நேரம், மழை, உடைந்த சுவரில் தார்ப்பாய் கட்டியிருந்தது. ஞானையா காயத்தோடு லாரியின் மூலையில் சாக்கின்மேல் கிடந்தார். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் ஏறினான். ஏறினான் என்றுகூடச் சொல்ல முடியாது, தவழ்ந்தான். மேலெல்லாம் சேறு. காலில் பூட்ஸ் இல்லை, இலையைச் சுற்றிக் கொடியால் கட்டியிருந்தான். துப்பாக்கி இல்லை. கழுத்து இவ்வளவு ஒல்லியாக, தலை இவ்வளவு பெரிதாக, மீசை அரும்பாத முகம். யாரையும் பார்க்கவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டு நேராகப் பசைத் தகரத்துக்குப் போனான். பத்திரிகைக் கட்டுகளுக்கு முகவரித் தாள் ஒட்டுவதற்காக முனிரத்தினம் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டது, விஷம். தகரத்தை மடியில் இடுக்கிக்கொண்டு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து விரலால் வழித்து வழித்து வாயில் போட்டான். சளக் சளக்கென்று சத்தம். விழுங்கும்போது ஒரு முனகல். நாய்க்குட்டி பால் குடிக்கும்போது முனகுமே அந்த மாதிரி. ஞானையாவுக்கு அவனைப் பார்த்துப் பயம் வரவில்லை. அதைத்தான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறார். பயம் வரவில்லை, அது விஷம் என்று சொல்லத்தான் வாய் வந்தது, எந்த பாஷையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் எந்திரத்துக்குப் பின்னால் படுத்திருந்த முனிரத்தினம் எழுந்து நின்றான். கையில் பக்கத்தை இறுக்கிக் கட்டும் இரும்புச் சட்டம். முதல் அடி பின்மண்டையில். தகரம் உருளவில்லை, அவன் அதை விடவில்லை. கவிழ்ந்த பிறகும் விரல் பசையைத் தேடியது. முனிரத்தினம் அடித்துக்கொண்டே இருந்தான். தாசா என்று ஒரு தடவை சொன்னான். பிறகு மூச்சு மட்டும்தான், எந்திரம் மிதிக்கும்போது விடுகிற அதே மூச்சு, அதே தாளம். தலை என்று ஒன்று இல்லாமல் போகும்வரை. பசையும் மற்றதும் கலந்து தரையில் ஓடியது. பசியால் வந்தவன் என்று கேப்டனிடம் ஞானையா சொன்னார். கேப்டன் அப்பாத்துரையைப் பார்த்தார். பசித்தவனை அடித்த கதையை யார் படிப்பார்கள் என்று அப்பாத்துரை கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர், யார் முகத்தையும் பார்க்காமல்தான் கேட்டார். எழுதிக் கொடுத்தார். ஞானையா கோத்தார். முனிரத்தினம் தன்னைப் பற்றிய தாளைத் தானே மிதித்து மிதித்து ஆயிரக்கணக்கில் அடித்தான். அடித்து முடித்துக் கீழே இறங்கி வாந்தி எடுத்தான்.

மேஜர் இப்போது சீனப் போரில் இருந்தார். கூடாரம் கருப்புக் கட்டம் போட்டு வந்த வாரங்கள். பிறகு லாரி போய்க் கட்டடம் வந்தது, ஈயம் போய் ஆஃப்செட் வந்தது, நடிகையின் படம் அட்டையில் வந்து தடை செய்யப்பட்டது, கம்ப்யூட்டர் வந்தது. பையன்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். கன்னியம்மாள் சிரிக்கவில்லை. மேடையைப் பார்த்தபடியே, உதடு அசைவது தெரியாமல், அவரிடம் பேச ஆரம்பித்தாள். முனிரத்தினம் எதிரியை வீழ்த்திய பக்கத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்களாம். பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடமாம். ஆனால் அவள் வீட்டுக்காரர் அதை ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லையாம், யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவாராம். சாராயம் தொடமாட்டார், பீடி இல்லை, கை நீட்டுகிற மனுஷனும் இல்லை. இவள் தலைப்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தபோது ஒருநாள் பசி தாங்காமல், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்பங்கரையில் குந்தி உட்கார்ந்து கூழ்ச்சட்டியை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாளாம். பின்னால் வந்து நின்றவர் விறகுக் கட்டையை எடுத்தாராம். கை ஒடிந்தது அப்போதுதான். பிள்ளையும் தங்கவில்லை. அடித்துவிட்டு அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம், வழியெல்லாம் அழுதாராம், ஏன் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லையாம். அதற்கப்புறம் அவர் சாகும்வரைக்கும் அவர் கண்ணில் படாமல்தான் இவள் சாப்பிட்டாளாம். கூழ் தின்றது குத்தமா, மாமியார் எதாவது சொல்லிவிட்டாளா, இவளையே பிடிக்கவில்லையா என்று இத்தனை வருஷமும் நினைத்து நினைத்துப் பார்த்தாளாம்.

"ண்ணா," என்றாள். "நீங்க கூட இருந்தவரு. அங்க இன்னா நடந்துச்சின்னு எனக்குச் சொல்லுங்க. தெரியாமலே செத்துடுவேன் போலக் கீது."

ஞானையா அவள் கையைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, முதுகைக் காட்டி, விரலால் வழித்து. அந்தச் சத்தம். முனிரத்தினம் அந்த அடுப்பங்கரையில் பார்த்தது இவளை அல்ல. இவர் தோளில் ஈயம் தங்கினது மாதிரி அவனுக்குள் அந்தச் சத்தம் தங்கியிருக்கிறது, அதைத்தான் அடித்திருக்கிறான், நடுவில் இவள் கை இருந்திருக்கிறது, வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? புருஷனைக் கொலைகாரன் என்றதாகுமா? சொல்லாவிட்டால் இவள் தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கொண்டு கட்டையில் போவாள். மேஜர் காகிதத்தை மடித்தார். இப்போது நம் இதழின் முதல் அச்சுக்கோப்பாளர், பெரியவர் ஞானையா அவர்கள், என்றார். எல்லாரும் திரும்பினார்கள். ஞானையா எழவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "சொல்லுதேன், கேட்டுக்கிடுங்கம்மா," என்று ஆரம்பித்தார். மழை, இலை கட்டின கால், பசைத் தகரம், விஷம், முதுகு, விரல், இரும்புச் சட்டம். தாசனையும் சொன்னார், குவளையில் அலம்பின எழுத்தையும் சொன்னார், அது இல்லாமல் மற்றது புரியாது. மேஜர் இரண்டாம் தடவை பெயரைச் சொன்னார். யாரோ ஒருவன் வந்து ஐயா, கூப்பிடுகிறார்கள் என்று குனிந்தான், கையைக் காட்டி நிறுத்தினார். ஷாமியானாவில் பேச்சு நின்றது. கடைசிவரை சொல்லி முடித்தார். கன்னியம்மாள் ஒடிந்த கையை மடியில் போட்டு மற்றக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

"அவரு அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றாள், "நான் சட்டிய வழிக்காம இருந்திருப்பேனே."

பிறகு, அந்தப் பையனை அப்புறம் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். பள்ளத்தில் உருட்டிவிடச் சொன்னார் கேப்டன். முனிரத்தினம் கேட்கவில்லை. மழையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், தாசனுக்கு வெட்டின குழிக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வெட்டினான், யாரையும் கிட்டே விடவில்லை. தண்ணீர் ஊற ஊற இறைத்துப் போட்டுவிட்டு வெட்டினான். அவனே தூக்கிக் கொண்டுபோய் இறக்கினான். பத்திரிகையில் அது வரவில்லை.

"அத்தப் போய்ச் சொல்லுங்க," என்றாள் கன்னியம்மாள். "எல்லாத்தையும் சொல்லுங்க. நான் கேட்டுக்கினு தான் இருப்பேன்."

ஞானையா எழுந்தார். படியில் மேஜர் கை கொடுத்தார், அந்தக் கை இளசாக, சூடாக இருந்தது. நல்ல பிள்ளை, இவனுக்கு ஒன்றும் தெரியாது, எழுதியிருந்ததைப் படித்தான். மேலே ஏறிப் பார்த்தால் மழித்த தலைகளின் வரிசை. எல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்த முகங்கள். வாயைத் திறந்தால் எது வருமோ என்று பயந்தாரே, அது இப்போது வரிசையாக நின்றது, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், நேராக. அவர் மேஜரைப் பார்க்கவில்லை, பையன்களையும் பார்க்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கன்னியம்மாளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஜப்பான்காரப் பையன் ஒருத்தன் பசிக்கு எங்க லாரியில ஏறினான். அவன் கையில ஆயுதம் இல்ல."

மேஜரின் கை ஒலிபெருக்கியை நோக்கி வந்தது. வந்து, பாதியில் நின்றது. பிறகு கீழே இறங்கியது. ஞானையா அடுத்த வரிக்குப் போனார்.